மூக்கடைப்பும் முன்பல்லும்

நம் தோட்டப் பக்கம் பிள்ளைக்குப் பல் தூக்கினால் பழி விழுவது இரண்டின் மேல்தான்: சூப்பிய கட்டைவிரல், இல்லையென்றால் சம்பந்தி வீட்டு ரத்தம். மூக்கை யாரும் விசாரிப்பதில்லை.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பெரியம்மா இருக்கிறார். பேரன் படிவம் 2. தீபாவளிக்குப் போனபோது முறுக்கு தின்றுகொண்டிருந்தான். இரண்டு கடி, பிறகு நிறுத்தி வாயால் ஒரு மூச்சு, மறுபடி கடி. நீள முகம், மூடாத உதடு, கண்ணுக்கடியில் கருவளையம். குறட்டை பக்கத்து வீடு வரை கேட்குமாம். “அப்படியே அவங்க தாத்தா” என்றார் பெரியம்மா, பெருமையாக. கம்பி போடத்தான் வீட்டில் பணம் சேர்க்கிறார்கள்.

மேல்வாய்க் கூரைதான் மூக்குக்குத் தரை. மூக்கால் மூச்சு விடும் பிள்ளையின் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும். கன்னம் உள்ளே அழுத்தும் அழுத்தத்தை அதுதான் தாங்குகிறது. மூக்கடைத்தால் வாய் திறக்கும், நாக்கு இறங்கும். வளரும் வயதில் வருடக்கணக்கில் இது நீடித்தால் மேல்தாடை குறுகலாம், அண்ணம் மேலேறலாம், பல் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம். தாடை குறுகினால் மூக்குப் பாதையும் குறுகும். அடைப்பு இன்னும் கூடும்.

1970-இல் சுவீடனின் லிண்டர்-அரோன்சன், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்த பிள்ளைகளின் முகத்தை அளந்து இந்தத் தொடர்பை எழுதினார். சான் பிரான்சிஸ்கோவில் ஹார்வோல்ட் குரங்குகளின் மூக்கையே அடைத்துப் பார்த்தார். பாவம்தான். தாடையும் பல்லும் மாறின, ஆனால் எல்லாக் குரங்குக்கும் ஒரே மாதிரி அல்ல. ஆகவே தாத்தாவுக்கும் பங்குண்டு.

அடினாய்டு பதின்ம வயதில் பெரும்பாலும் தானே சுருங்கும். ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்பு அப்படிப் போகாது. இலவம்பஞ்சு மெத்தை, ஈரக்காற்று, அதில் பெருகும் தூசிப்பூச்சி. போதாக்குறைக்கு 2015, 2019 போலப் புகைமூட்டம்.

1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியதிலிருந்து நம் பள்ளிப் பிள்ளைகளின் பல்லுக்குக் கவனிப்பு இருக்கிறது. ஆனால் பிள்ளை தூங்குவதைப் பார்க்கிறவர் அம்மா ஒருவர்தான், அவரை யாரும் கேட்பதில்லை. குறட்டை நடுவே மூச்சு நின்று திணறுகிறானா, வகுப்பில் தூங்கி வழிகிறானா என்பதை அவரே கிளினிக்கில் வாய்விட்டுச் சொன்னால்தான் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கிடைக்கும்.

பெரியம்மாவின் பேரனோ டிக்டாக் பார்த்து வாயில் டேப் ஒட்டித் தூங்கப் பார்க்கிறான். அடைத்த மூக்கோடு அது விபரீதம். மலிவுக் கம்பியும் அப்படித்தான். 2017-இல் மலாக்காவில் உரிமமின்றிக் கம்பி போட்ட ஓர் இளம்பெண் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும்.

முதலில் மூக்கைத் திறக்கட்டும். அதன்பிறகும் தாடை குறுகலென்றால் பல் சீரமைப்பு நிபுணர் அண்ணத்தில் திருகு வைத்து விரிப்பதுண்டு. நடு எலும்புப் பொருத்து இறுகுமுன், பதினான்கு பதினைந்துக்குள் செய்தால் சுலபம். வீட்டில் அம்மாவே குட்டிச் சாவியால் திருப்ப வேண்டும், ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். சில நாளில் முன்பல் நடுவே சந்து விழும். எலும்பு விலகுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பிறகு பல் தானே நெருங்கிவிடும். இதைப் பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இல்லையென்றால் சந்தைப் பார்த்த அன்றைக்கே கழற்றச் சொல்லிவிடுவார்.