கம்பாலாவுக்குப் புறப்படுமுன்



சென்ற ஆண்டு மே மாத இறுதியில், ஞாயிறு பூசை முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியர் ஆசீர் பெற வந்தனர். உகாண்டா நாட்டின் தலைநகராகிய கம்பாலாவில் பணிபுரியும் மகளைக் காணவும், ஜூன் 3 அன்று அருகிலுள்ள நமுகொங்கோ திருத்தலத்தில் நிகழும் மறைசாட்சியர் விழாவில் பங்குகொள்ளவும் புறப்பட்டிருந்தனர். "இன்னும் மூன்று நாள்தான் சாமி, ஊறுகாய்கூடக் கட்டியாயிற்று" என்றார் அம்மையார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என வினவினேன். இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர்.

அவ்வூசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே அதற்குரிய சான்றிதழ் செல்லுபடியாகும். அஃதின்றி உகாண்டாவிலிருந்து நம் நாட்டில் வந்திறங்குவோரை ஆறு நாட்கள் வரை தனிமையில் வைக்க விதியுண்டு. எல்லா மருத்துவமனைகளிலும் அது கிடைப்பதில்லை. கிண்டி கிங் நிலையம் போன்ற அரசு ஏற்புடைய மையங்களையே நாட வேண்டும். 2016 முதல் ஒருமுறை பெற்ற சான்று வாழ்நாள் முழுமைக்கும் போதும். எனினும், அறுபதைக் கடந்தோர்க்கு அரிதாகத் தீய விளைவுகள் நேரக்கூடுமாதலால், மருத்துவரின் கருத்தறிந்தே போட்டுக்கொள்ளல் வேண்டும். ஆகவே பயணம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிற்று. விழாவைத் தவறவிட்டதில் அம்மையாருக்கு என்மேல் சிறிது மனத்தாங்கல்!

காப்பீட்டுப் படிவத்தையும் வாங்கிப் பார்த்தேன். தாய்க்கு இருபதாண்டுகளாக உள்ள நீரிழிவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கட்டணம் குறையட்டும் என்று மகன் மறைத்திருக்கிறான். மறைத்த நோயால் அங்கு மருத்துவமனையில் சேர நேர்ந்தால், நிறுவனம் பணம் தர மறுக்கலாம்; மருத்துவமனையோ முன்பணம் கேட்கும். கட்டணத்தைவிட நான் முதலில் தேடுவது, நோயாளியை வேறு நகருக்கோ தாயகத்துக்கோ விமானத்தில் கொண்டு சேர்க்கும் செலவு அடங்கியுள்ளதா என்பதையே. தொலைவான ஊர்களில் பெருந்தொகையை விழுங்குவது அதுதான். உதவித் தொலைபேசி எண்ணை மகளிடமும் கொடுத்து வைக்கச் சொன்னேன். மகன் படிவத்தைத் திருத்தி எழுதினான்.

மலேரியாவைப் பற்றிக் கூறியபோது ஐயா நகைத்தார். "கொசுக்கடியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சாமி நாங்கள்!" நம் சென்னையில் பெரிதும் காணப்படுவது வைவாக்ஸ் வகை. உகாண்டாவில் மிகுந்திருப்பதோ பால்சிபாரம். சில நாட்களுக்குள் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கவல்லது. நம் ஊர்க் கொசுக்கடி அதற்குக் காப்பாகாது. மாலை மயங்கியது முதல் விடியும்வரை உடல் மூடிய ஆடையும், மருந்து தோய்த்த கொசுவலையும், மருத்துவர் குறிக்கும் மாத்திரையும் இன்றியமையாதவை. மாத்திரையைப் புறப்படுமுன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் தொடர வேண்டும்: சில வகைகளை ஏழு நாள், சிலவற்றை நான்கு வாரம். அங்குள்ள விக்டோரியா ஏரியில் நத்தைகளால் பரவும் பில்ஹார்சியா என்னும் புழுநோய் உண்டு. கரையில் நின்று காண்பதோடு நிற்க.

பயணம் இனிதே நடந்தது. திரும்பிய பதினைந்தாம் நாள் ஐயாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அருகிலுள்ள மருத்துவர் சாதாரணக் காய்ச்சல் என்றே மருந்தெழுதத் தொடங்கினார். "ஆப்பிரிக்கா போய் வந்தோம் ஐயா" என்று அம்மையார் குறுக்கிட்டார். உடனே இரத்தம் சோதிக்கப்பட்டது. பால்சிபாரமேதான். அன்றே சிகிச்சை தொடங்கியதால் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். நான்கு வாரம் தொடர வேண்டிய மாத்திரைகள், ஊர் வந்து சேர்ந்தாயிற்றே என்று மூன்றாம் நாளே நிறுத்தப்பட்டு, பெட்டியின் அடியில் கிடந்தன.