கடன் தீர்ந்தது, வில்லங்கம் தீரவில்லை

மதிப்பிற்குரிய பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

மேற்கு தாம்பரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர்களின் பத்திரங்களைப் படித்து வங்கிகளுக்குச் சட்டக் கருத்து எழுதிக் கொடுப்பதில்தான் என் பிழைப்பு பெரும்பாலும் ஓடுகிறது. நாள் தவறாமல் உங்கள் துறையின் வில்லங்கச் சான்றை, அதாவது ஈசியை, பார்க்கிறவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு ஈசி என் மேசைக்கு வந்தது. செம்பாக்கத்தில் ஒரு வீடு. விற்கிறவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டுக் கோவையில் மகளோடு போய் இருக்க நினைக்கிறார். வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்காக நான் பத்திரங்களைப் பார்த்தேன். 2011-ல் அவர் கடன் வாங்கியபோது பதிவான உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது எம்.ஓ.டி., ஈசியில் இருந்தது. கடனை அடைத்த பிறகு பதிவான ரசீதும் இருந்தது. ஆனால் ரசீதில் ‘முந்தைய ஆவண எண்’ என்ற இடத்தில் 2167 என்று இருக்க வேண்டியது 2176 என்று இருந்தது. 2176 வேறு யாரோ ஒருவருடைய செட்டில்மெண்ட் பத்திரம். காகிதத்தின்படி விற்கிறவரின் கடன் இன்னும் நிற்கிறது. அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். வேறு மாதிரி எழுத எனக்கு வழியில்லை. பத்திரம் எழுதியவர் விரல் தவறியதற்கு, முன்பணம் கொடுத்தவர் பின்வாங்கினார்.

பிழைதிருத்தல் பத்திரம் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். அதற்குக் கடன் கொடுத்த வங்கி வந்து கையெழுத்துப் போட வேண்டும். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்ததில் அவருடைய வங்கியின் பெயரே போய்விட்டது. கிளையை வேறு கிளையோடு சேர்த்துவிட்டார்கள். அன்று கையெழுத்திட்ட மேலாளர் எந்த ஊரிலோ இருக்கிறார். இப்போதைய மேலாளர், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கோப்பைத் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். எழுபதைத் தாண்டிய மனிதர் நாலாவது தடவையாகப் போய்வந்துவிட்டார்.

இந்த ஒரு தவறைத் தடுக்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். முந்தைய ஆவண எண்ணைத் தட்டச்சு செய்தவுடன், அந்த ஆவணம் என்ன வகை, யாருடையது, எந்த சர்வே எண் என்பதை உங்கள் மென்பொருள் திரையில் காட்டினால் போதும். ரசீது எம்.ஓ.டி.யோடு பொருந்தவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடக் கூடாது. இரண்டு ஆவணங்களும் அதே கணினிக்குள்தான் இருக்கின்றன. 2018-லிருந்து மாநிலம் முழுக்க இணையவழிப் பதிவு நடக்கிறது. வீட்டிலிருந்தே ஈசியைக் கட்டணமில்லாமல் பார்க்க முடிகிறது. அதை மனசார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். பதிவு வேகமாகிவிட்டது, சரிபார்ப்பு மட்டும் பழையபடி மனிதக் கண்ணை நம்பியே இருக்கிறது.

எங்கள் பகுதிக்கு இன்னொரு தலைவலி உண்டு. 2019 நவம்பரில் நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தோம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. மாடம்பாக்கத்திலோ சிட்லபாக்கத்திலோ ஒரே மனை, தாய்ப் பத்திரத்தில் ஒரு மாவட்டம், எம்.ஓ.டி.யில் ஒரு பேரூராட்சி, புதுப் பத்திரத்தில் மாநகராட்சி என்று மூன்று வேஷம் போடுகிறது. இது போதாதென்று சர்வே எண் வேறு உட்பிரிவாகிக்கொண்டே போகிறது: தாத்தா வாங்கியபோது 45/2, பேரன் பட்டாவில் 45/2ஏ1பி. (எண்கள் உதாரணத்துக்குத்தான்.) புது உட்பிரிவை மட்டும் போட்டு ஈசி எடுத்தால், பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகக்கூடும். ‘வில்லங்கம் இல்லை’ என்று வரும் சான்றைப் பார்த்தால் எனக்கு நிம்மதிக்குப் பதிலாகச் சந்தேகம்தான் வரும். பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டு, சார்பதிவகம் மாறியிருந்தால் பழைய சார்பதிவகத்திலும் தேடிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். வருவாய்த்துறையின் உட்பிரிவு வரலாறு உங்கள் தேடலோடு இணைந்துவிட்டால், சொந்தமாக வீடு வாங்க நினைக்கும் சாதாரண ஆளுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

வங்கிகளும் இதில் யோக்கியர்கள் இல்லை. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, எந்தப் பதிவகத்தில் பொறுப்புப் பதிவாகியிருந்தாலும் அதை நீக்க வேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் உத்தரவிட்டது. டிசம்பர் 1-லிருந்து நடைமுறைக்கு வந்தது. வங்கிகள் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்கை முடித்துவிட்டு, கடமை தீர்ந்தது என்கின்றன. உங்கள் சார்பதிவகத்தில் நிற்கும் எம்.ஓ.டி.யோ கடன்காரர் தலையில் விழுகிறது. அதிகாரியின் நேரம் கேட்டு, பத்திர எழுத்தருக்குக் கொடுத்து, டோக்கன் போட்டு, வரிசையில் நின்று அவரே ரசீது பதிய வேண்டும். ரசீதுக்கான பதிவுக் கட்டணம் 2023 ஜூலையில் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆனது. அதைப் பற்றி யாரும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அலைச்சலைப் பற்றித்தான் பேச்செல்லாம். அதற்கு அஞ்சியே பலர் பத்திரம் கைக்கு வந்ததும் ரசீதை மறந்துவிடுகிறார்கள். விற்கப் போகும்போதுதான் ஞாபகம் வருகிறது.

அடமானம் வைத்ததைத் தெரிவிக்கும் அறிவிப்பை மகாராஷ்டிரத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்கிறார்கள். இங்கே அடமானம் முடிந்ததையாவது, வங்கி தன் மின்னணுக் கையெழுத்தோடு நேரே சார்பதிவாளருக்கு அனுப்ப வழிசெய்யக் கூடாதா? கடன்காரர் வரவே வேண்டாம்.

மோசடிக்கு இடமாகாதா என்று உங்கள் அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 2008-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கடனை அடைத்தபோது, நீக்கல் படிவத்தில் தவறுதலாக இன்னொரு பதிவின் எண்ணும் சேர்ந்துவிட்டது. கடன் கொடுத்த ஜே.பி. மார்கன் தரப்பிலும் படிவத்தைப் பார்த்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. அதனால் 150 கோடி டாலர் கடனுக்கான முக்கியமான பிணைப் பதிவு ரத்தாகிவிட்டது. அனுமதித்துத் தாக்கல் செய்தது செல்லும் என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நிற்க வேண்டியது போனது, எங்கள் செம்பாக்கத்தில் போக வேண்டியது நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஓர் எண்ணை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்காததுதான். வங்கி அனுப்பும் நீக்கலை மேலே சொன்ன பொருத்தச் சோதனைக்கு உட்படுத்தி, கடன்காரரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பினால், இப்போது நடப்பதைவிடப் பத்திரமாகவே இருக்கும்.

அடமானம் நிலுவையில் இருந்தால் பத்திரம் பதியத் தடையில்லாச் சான்று கேட்ட தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ(i)-ஐ 2025 ஏப்ரல் 7-ல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. விதிகள் வரும், போகும். வாங்குகிறவரின் வங்கி ஈசியைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காது. ஆகவே அந்த ஈசி சரியாக இருப்பது உங்கள் பொறுப்பு.

பெரியவரின் ரசீதைத் திருத்த வங்கி அதிகாரி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொன்னார். சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள உங்கள் அலுவலகத்திலிருந்து, ரசீதுக்கு எண் பொருத்தச் சோதனையைக் கட்டாயமாக்கும் சுற்றறிக்கையை மட்டுமாவது முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேற்கு தாம்பரத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்