காற்றுக்கு ஜாதகம்

பிறந்த நேரம் தெரியாத குழந்தைக்கு ஜாதகம் கணித்துத் தரும் ஜோசியரை யாரும் நம்புவதில்லை. ஆனால், அளந்து பார்க்காத காற்றுக்கு வர்ணப் படம் போட்டுக் கொடுத்தால், படித்தவர்களே கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று சக்தி நிறுவனம் நாட்டின் காற்று வளத்தைப் படமாக்கியிருக்கிறது. 120 மீட்டர் உயரத்தில் 695 கிகாவாட், 150 மீட்டரில் 1,164 கிகாவாட் என்பது அதன் மதிப்பீடு. அந்த உழைப்பை நான் குறை கூறவில்லை. படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "தர்மபுரியா? அங்கே காற்று ஏது? முப்பந்தலுக்குப் போங்கள்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

காற்றின் கணக்கு பொல்லாதது. வேகத்தை மூன்று முறை பெருக்கினால் வருவதுதான் அதன் சக்தி. வினாடிக்கு 5 மீட்டர் வீசினால் 125 பங்கு. 6 மீட்டர் வீசினால் 216 பங்கு. வேகத்தில் ஒரே ஒரு மீட்டர் பிசகினால் சக்தியில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பிசகு. கடன் கொடுக்கும் பாங்கியும், நிலத்தைக் குத்தகைக்கு விடும் விவசாயியும் இந்தப் பிசகின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அளவு இல்லாத இடத்தில் என்ன செய்கிறார்கள்? உலக வானிலைக் கணக்குகளிலிருந்து ஊகிக்கிறார்கள். ஐரோப்பிய வானிலை மையம் தரும் அத்தகைய கணக்கு ஒன்றில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 31 கிலோமீட்டர். தர்மபுரி நகரமும், அதன் தலைக்கு மேல் நிற்கும் வத்தல்மலையும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடக் கூடும். சமவெளிக்கும் முகட்டுக்கும் ஒரே காற்றாம்! மலையில் ஆடு மேய்ப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். கட்டங்களை நுணுக்கமாகப் பிரிக்கக் கணினிக்குத் தெரியும், வாஸ்தவம். பிரித்தது சரியா என்று சாட்சி சொல்ல முகட்டின் மேல் ஒரு கம்பம் வேண்டாமா?

1918-ல் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி, வானிலை இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. மூலேயுடன் சேர்ந்து 1983-ல் இந்தியக் காற்றின் அளவுகளைத் தொகுத்து நூலாக்கினார். கருவியின் சாட்சியம் முதலில், மதிப்பீடு பிறகு என்பது அவர் வைத்துப் போன முறை.

"ஒவ்வொரு குன்றிலும் கம்பம் நடப் பணம் எங்கே?" என்பார்கள். ஒவ்வொரு குன்றிலும் வேண்டாம். வத்தல்மலையில் ஒன்று, சித்தேரியில் ஒன்று, பென்னாகரம் பக்கம் ஒன்று. ஆடிக் காற்றும் மார்கழிக் காற்றும் பதிவாக ஓராண்டேனும் நிற்கட்டும். அந்த ஓராண்டை, பல்லாண்டுப் பதிவுள்ள அண்டை நிலையத்தோடு ஒத்துப் பார்க்கட்டும். தனியார் கம்பங்கள் அளப்பதையும் இரும்புப் பெட்டியில் பூட்டாமல் ஊரார் பார்வைக்கு வைக்கட்டும். தன் நிலத்தின் மேல் வீசும் காற்றின் விலையைக் குத்தகைக்காரர் மட்டும் அறிந்திருப்பது என்ன நியாயம்?

அளந்த பிறகு "காற்று இல்லை" என்று தெரிந்தால் தர்மபுரி தலைவணங்கி ஏற்கட்டும். அளக்காமல் சொன்ன "இல்லை"யை ஏற்க வேண்டிய கடன் அந்த ஜில்லாவுக்கு இல்லை.