இன்னிக்கு யார் பாடு?

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து நாலு நாள் ஆச்சு. விடுதியில் பாதியில் நின்ற ஒரு சண்டையை இங்கே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சண்டை சைக்கிள் ரேஸைப் பற்றி. (சிரிக்காதீங்க. சாயங்காலமானால் ஒரே போனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஐரோப்பா சைக்கிள் ரேஸ் பார்க்கிற கோஷ்டி நாங்கள்.)

நண்பன் சொன்னது இதுதான்: "எவனுக்குப் பலம் அதிகமோ அவன் ஜெயிக்கணும். 2023 வுவெல்ட்டாவில் செப் குஸ் ஜெயிக்கவில்லை, ஜெயிக்க விட்டார்கள். அது பிச்சை." மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் தனி ஆள். இது தப்பு என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூன்று நாட்டிலும் மூன்று வாரம், 21 கட்டங்களாக நடக்கிற பந்தயங்கள் உண்டு. ஸ்பெயினில் நடப்பது வுவெல்ட்டா. எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர்தான் வெற்றியாளர். கப் ஒருவருக்கு, ஆனால் ஓட்டுவது அணிக்கு 8 பேர். ஏனென்றால் சைக்கிளுக்கு முதல் எதிரி காற்று. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு நிறைய வேலை மிச்சம். அந்த முன்னால் போகிற வேலையைச் செய்வதற்கென்றே ஆட்கள் உண்டு. குஸ் அப்படிப்பட்ட ஆள். ரோக்லிச் 2019, 2020, 2021 என்று வரிசையாக மூன்று வுவெல்ட்டா ஜெயித்தபோது மலையில் இழுத்தவர்களில் குஸ் ஒருவர். 2023-இல் ரோக்லிச் இத்தாலியில் ஜெயித்தார், குஸ் கூட இருந்தார். விங்கெகார் பிரான்ஸில் ஜெயித்தார், அங்கேயும் குஸ் இருந்தார்.

அதே வருஷம் மூன்றாவதாக வுவெல்ட்டா. 6-ஆம் கட்டத்தில் குஸ் முன்கூட்டியே கிளம்பிய கூட்டத்தோடு போய் அன்றைய மலையில் ஜெயித்தார். 8-ஆம் கட்டத்தில் தலைவருக்கான சிவப்புச் சட்டை அவர் தோளில். செப்டம்பர் 13, 17-ஆம் கட்டம், ஆங்லிரு மலை. பார்த்தாலே மூச்சு வாங்குகிற ஏற்றம். அங்கே சிவப்புச் சட்டையைப் பின்னால் விட்டுவிட்டு ரோக்லிச்சும் விங்கெகாரும் மேலே போய்விட்டார்கள். எதிரிகள் இல்லை, சொந்த அணிக்காரர்கள்! குஸ் அன்றைக்கு வேறு அணியின் லாண்டாவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறித்தான் 8 விநாடி வித்தியாசத்தில் சட்டையைக் காப்பாற்றினார். ரசிகர்கள் கொதித்தார்கள். அதற்கப்புறம்தான் அணி "இனி குஸ்ஸுக்காக ஓட்டுவோம்" என்று முடிவெடுத்தது. கடைசியில் குஸ் 17 விநாடியில் ஜெயித்தார். ஒரே வருஷத்தில் மூன்றையும் வென்ற முதல் அணி என்ற பெயரும் வந்தது.

இதைத்தான் நண்பன் பிச்சை என்கிறான்.

இப்போது எங்க ஊர் ஏரிக்கு வருகிறேன். காரணம் இருக்கிறது.

பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டிய இடங்கள்தான் நல்ல இடங்கள். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் மீனவ கிராமங்களில் பாடு முறை வைத்தார்கள். தலைக்கட்டுக் கணக்குப்படி முறை வரும். இன்றைக்கு உன் முறை, அடுத்து என் முறை. உன் முறை அன்றைக்கு உன் வலை சின்னதா, உனக்கு உடம்பு சரியில்லையா, அதெல்லாம் கேள்வியே இல்லை. அது உன் பாடு. சின்ன வயதில் தாத்தாவிடம் "நம்மகிட்டதான் புது வலை இருக்கே, நாமளே தினமும் போடலாமே" என்று கேட்டிருக்கிறேன். "வலுத்தவனுக்கே எல்லா நாளும்னா அப்புறம் பாடு எதுக்குடா?" என்றார். அவ்வளவுதான் பதில்.

ஆங்லிருவில் நடந்தது அதுதான். அது குஸ்ஸின் பாடு. அந்த அன்று புது வலையோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"மலையில் சக்கரத்தைப் பிடிக்க முடியாதவனுக்கு எதற்கு சட்டை?" என்று கேட்பீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். ரோக்லிச் அந்த வருஷம் இத்தாலி, ஸ்பெயின் என்று இரண்டு பந்தயம். விங்கெகார் பிரான்ஸ், ஸ்பெயின் என்று இரண்டு. குஸ் மூன்றும் ஓட்டினார், அதில் முதல் இரண்டு இவர்களுக்காக. அவர் காலில் இருந்த களைப்பில் பாதி இவர்கள் கொடுத்தது. கடன் கொடுத்தவனைப் பார்த்து "உன் பையில் காசு இல்லையே" என்று சொல்வதற்குப் பெயர் விளையாட்டா?

"சம்பளம் வாங்குகிறானே" என்பது அடுத்த வாதம். எங்க ஊரில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று எடுத்தாலும், கூட வந்த ஆளுக்கும் பங்கு உண்டு. சைக்கிளிலும் ஜெயித்தவர் பரிசுப் பணத்தைக் கூட ஓட்டியவர்களோடு பிரித்துக்கொள்வது பழைய வழக்கம். அது வெறும் கூலி வேலை இல்லை என்று அவர்களுக்கே தெரியும்.

பலசாலி தனியாக ஜெயிக்கட்டும் என்பது புது யோசனையும் இல்லை. டூர் டி பிரான்ஸை 1903-இல் தொடங்கிய தெக்ராஞ்சும் இதே கட்சி. 1911-இல் ஒருவர் காசுக்காக இன்னொருவருக்கு உதவினார் என்று அவரை "வேலைக்காரன்" என்று பத்திரிகையில் திட்டினார். 1913-இல் கிறிஸ்தோஃப் என்பவரின் சைக்கிள் முன் கவை உடைந்தது. தூக்கிக்கொண்டு மலை இறங்கி, கொல்லன் பட்டறையில் தானே அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்று அதற்கும் தண்டனை! அவ்வளவு கண்டிப்பு காட்டியும் உதவியை ஒழிக்க முடிந்ததா? இல்லை. திட்டாகச் சொன்ன அந்த வார்த்தையே பிறகு அந்த வேலைக்குப் பெயராகிவிட்டது.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1985-இல் லெமாண்ட் முன்னால் போயிருக்கலாம். அணி தடுத்தது, ஹினால்ட் ஜெயித்தார். அடுத்த வருஷம் உன் முறை என்று ஹினால்ட் வாக்குக் கொடுத்தார். 1986-இல் அந்த ஹினால்ட்டே 12-ஆம் கட்டத்தில் பாய்ந்து நாலு நிமிடத்துக்கு மேல் முன்னிலை எடுத்தார். கடைசியில் லெமாண்ட்தான் ஜெயித்தார், ஆனால் மூன்று வாரமும் சொந்த அணியைப் பார்த்தே பயந்துகொண்டு.

இது வெறும் நியாயப் பேச்சு என்று நினைக்காதீர்கள், தந்திரக் கணக்கும்தான். 2012 முதல் 2019 வரை 8 டூரில் 7 ஸ்கை அணிக்கு (கடைசி வருஷம் பெயர் மட்டும் இனியோஸ்). பாணி ஒன்றுதான்: ரயில் மாதிரி வரிசையாக இழு, யாரையும் அசைய விடாதே. 2020-இல் ரோக்லிச்சின் அணி அதே ரயிலை ஓட்டியது, கடைசிக்கு முந்தின நாள் பொகாச்சார் தனியாக வந்து கவிழ்த்துவிட்டார். ரயில் போதாது என்று புரிந்தது. 2022-இல் கலிபியே மலையில் ரோக்லிச்சும் விங்கெகாரும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பொகாச்சார் பதில் சொல்லிச் சொல்லி, அன்றைக்கே கிரானோன் மலையில் உடைந்துபோனார். ரோக்லிச் தன் வாய்ப்பை அங்கே எரித்தார். தன் முறை வரும் என்று நம்பாத எவனும் அப்படி எரிக்க மாட்டான்.

2025 இத்தாலி, 20-ஆம் கட்டம், ஃபினெஸ்ட்ரே மலை. முதல் இடத்தில் டெல் டோரோ, இரண்டாவது கராபஸ். "நீ இழு", "நீ இழு" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவதாக இருந்த சைமன் யேட்ஸ் போயே போய்விட்டார். மலைக்கு அப்பால் அவருக்காக முன்கூட்டியே போய்க் காத்திருந்த வான் ஆர்ட் இழுத்துக்கொண்டு போனார். யேட்ஸ் 3 நிமிடம் 56 விநாடியில் பட்டம் வென்றார். யேட்ஸின் அணி எது? பெயர் மாறிய அதே குஸ் அணி! ஆங்லிருவில் பட்ட அவமானம் அவர்களுக்கு ஏதோ கற்றுக்கொடுத்தது என்றுதான் நான் நினைப்பேன்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பாடு முறையை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கணக்கில் பெயர் இல்லாதவருக்கு முறையே வராது. இதே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு எந்தப் பாடும் இல்லை. அது தப்பு. ஆனால் அதற்கு மருந்து கணக்கில் இன்னும் பெயர் சேர்ப்பது, கணக்கையே கிழித்துவிட்டு வலுத்தவன் கையில் ஏரியைக் கொடுப்பது இல்லை. சைக்கிளுக்கும் அதேதான். குஸ் மாதிரி கணக்கில் இல்லாத ஒருவருக்கு ஒருமுறை பாடு வந்தது. அதையும் பிச்சை என்றால் எப்படி?

நண்பா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். இன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டுக்கு முறை இல்லை. அப்பா கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்தார். முறைக்காரர்களுக்கு வலையில் அவ்வளவாக ஒன்றும் விழவில்லை. எங்கள் வலை அதைவிடப் பெரிசு. இருந்தும் அப்பா எழுந்திருக்கவில்லை. அவரைப் போய் பலமில்லாதவர் என்று சொல்லிப் பார். :-)