சோதனைக்குச் சம்மதிக்கலாமா?

'சோதனை' என்ற சொல்லே நமக்குப் பிடிக்காது. வீட்டில் அடுத்தடுத்துக் கஷ்டம் வந்தால், "தணிகை முருகன் சோதிக்கிறானே" என்று பெருமூச்சு விடுவது எங்கள் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து வழக்கம். அதே சொல்லை டாக்டர் சொன்னால்? "புது மருந்து ஒன்றுக்குச் சோதனை நடக்கிறது, சேருகிறீர்களா?" என்று கேட்டால் அடிவயிறு கலங்காதா? இந்த முறை அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன், சகோதரிகளே.

எங்கள் தெருவில் தறி ஓட்டும் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு அக்காவுக்கு வயது 56. பீடி, சிகரெட் வாசனையே அறியாத வீடு. இருமல் வந்தபோது தறிப் பஞ்சுத் தூசி என்றார்கள். பிறகு காசநோயாக இருக்கும் என்று மாதக்கணக்கில் மாத்திரை. திருத்தணி மலையின் 365 படிகளையும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறுகிறவர், ஆடிக் கிருத்திகையன்று பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம் ஆன பிறகுதான் தெரிந்தது: நுரையீரல் புற்றுநோய், எலும்பு வரை பரவிய நாலாம் கட்டம். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், "கிளினிக்கல் ட்ரையல் ஒன்று இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள்" என்று கனமான ஒரு காகிதக் கட்டைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று ராத்திரியே வீட்டில் இரண்டு கட்சி. "எங்கம்மா என்ன எலியா?" என்று மகன் குதித்தான். "மருந்து இலவசம்னு சொல்றாங்களே, விட்டுட்டா அப்புறம் கிடைக்குமா?" என்றாள் மருமகள். கடைசியில் காகிதக் கட்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: "அக்காவுக்கு என்ன வியாதின்னு அவங்களுக்குத் தெரியுமா?" இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். 'நெஞ்சிலே சளிக் கட்டி' என்று சொல்லி வைத்திருந்தார்களாம்.

நம் வீடுகளில் இது சகஜம். பாசத்தினால்தான் மறைக்கிறோம். ஆனால் ட்ரையல் என்று வந்துவிட்டால் மறைப்பு செல்லாது. சுயநினைவோடு, விவரம் புரிகிற நிலையில் இருக்கும் நோயாளிக்காக மகனோ கணவனோ கையெழுத்துப் போட முடியாது. அவரே கேட்டு, புரிந்து, சம்மதிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க, படித்துக் காட்டிய பிறகு கைரேகை வைக்கலாம். படிவம் நோயாளிக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும். எங்கள் எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். தெலுங்கில்தான் மனதுக்கு எட்டும் என்றால், தெலுங்குப் படிவம் வேண்டும் என்று கூசாமல் கேளுங்கள்.

டாக்டரே பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். அக்கா அழவில்லை. "ரெண்டு மாசமா எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமப் பேசினீங்களே, அப்பவே தெரியும்டா" என்றார், அவ்வளவுதான்.

சரி, மகன் கேட்ட எலிக் கேள்விக்கு வருவோம். இன்று நாம் நம்பி விழுங்கும் மாத்திரைகளுக்குப் பின்னால், முன்பு யாரோ சிலர் சம்மதித்து எடுத்துக்கொண்ட சிகிச்சை இருக்கிறது. நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ல் இங்கே காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுத்து, ஓய்வும் நல்ல சாப்பாடுமாக இருந்தால்தான் காசம் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. 193 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959-ல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம்! வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. குழந்தைகளைப் பிரிந்து தாய்மார்கள் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்கத் தேவையில்லை என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் ஊர்.

நுரையீரல் புற்றுநோயிலும் நம் நாட்டு உதாரணம் உண்டு. புகை பிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வரும்போது, கட்டியின் செல்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இருப்பதைப் பலமுறை காண்கிறார்கள். அதற்கென்றே ஜெஃபிடினிப் என்ற மாத்திரை இருக்கிறது. மாத்திரை மட்டும் போதுமா, கூடவே கீமோதெரபியும் கொடுத்தால் மேலா? இந்தக் கேள்வியை மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2016 முதல் 2018 வரை 350 நோயாளிகளைச் சேர்த்து ஆராய்ந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் 8 மாதம் வரை அடங்கியிருந்தது. இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 16 மாதம் வரை. சேர்த்து எடுத்தவர்கள் கூடுதல் காலம் உயிரோடும் இருந்தார்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடுமையான பக்கவிளைவு மாத்திரைப் பிரிவில் 100-க்கு 25 பேருக்கு வந்தது. சேர்த்து எடுத்த பிரிவில் 51 பேருக்கு. கிடைத்த மாதங்களுக்கு உடம்பு ஒரு விலை கொடுத்தது. நாலாம் கட்டத்தில் நோயை அடியோடு ஒழிப்பதைவிட, அடக்கி வைத்து நாளை நீட்டுவதும் வேதனையைக் குறைப்பதுமே பெரும்பாலும் நோக்கம். இதைத் தெரிந்துகொண்டு சேருவது வேறு. 'புது மருந்து, பூரண குணம்' என்று நம்பிச் சேருவது வேறு.

இன்னொரு பயம், "குலுக்கிப் போட்டு மருந்து கொடுப்பாங்களாமே!" என்பது. உண்மைதான். யார் எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் போலப் பிரிக்கிறது. டாக்டர் தனக்கு வேண்டியவர்களுக்கு ஒன்று, வேண்டாதவர்களுக்கு ஒன்று என்று கொடுத்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. குலுக்கலில் 'பழைய' பிரிவு விழுந்தால் சும்மா விட்டுவிட மாட்டார்கள். நல்ல சிகிச்சை இருக்கிற நோய்க்கு, அந்தச் சிகிச்சையோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும். வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து நோயாளியைத் தவிக்கவிடுவது முறையல்ல.

இந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்:

1. இது எத்தனையாவது கட்ட ஆய்வு? (முதல் கட்டத்தில் பெரும்பாலும் எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்றுதான் பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள்.)

2. சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை என்ன?

3. எத்தனை முறை வர வேண்டும்? கூடுதலாக எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி? மறுபடி சதை எடுப்பீர்களா?

4. ஆய்வு மருந்து இலவசம் என்றால் மற்றச் செலவு யாருடையது? போக்குவரத்துப் பணம் உண்டா? (ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.)

5. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஜுரம் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

6. ஆய்வு முடிந்த பிறகும் மருந்து நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால், தொடர்ந்து கிடைக்குமா?

7. பதிவு எண் என்ன? (மருந்து ஆய்வுகளை 'சி.டி.ஆர்.ஐ.' என்ற தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் காசில்லாமல் தேடிப் பார்த்துவிடலாம்.)

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2019-ல் வந்த புது மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் தர வேண்டும். ஒவ்வோர் ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். குறைந்தது 7 பேர் கொண்ட அந்தக் குழுவில் சட்டம் தெரிந்தவர், சாதாரணப் பொதுஜனம், ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எப்போது வேண்டுமானாலும் "போதும்" என்று விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கட்டும்.

'சேரமாட்டேன்' என்பதும் தோல்வியல்ல. அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2010-ல் வெளியானது. அதில் புது மருந்தே கிடையாது! வழக்கமான சிகிச்சையோடு, ஆரம்பத்திலிருந்தே வலி, மூச்சிரைப்பு, மனச்சோர்வு இவற்றைக் கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் ஒரு பிரிவுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மனமும் உடம்பும் தேறி இருந்ததோடு, மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு, மூன்று மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். ஆகவே ட்ரையலில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், "வலிக்கு என்ன செய்வீர்கள்?" என்று முதல் நாளே கேளுங்கள்.

எங்கள் அக்கா ஒரு வாரம் யோசித்தார். எல்லாக் கேள்வியையும் தானே கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். குலுக்கலில் பழைய சிகிச்சைதான் விழுந்தது. மகனுக்கு முகம் சுருங்கியது. "யாருக்காவது அது விழுந்துதானேடா ஆகணும்? என்னைப் பார்த்து நாளைக்கு ஒருத்திக்கு எது நல்லதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார் அவர்.

எல்லோரும் அப்படித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பம், தூரம், பணம், உடம்பின் தெம்பு ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் முடிவு யாருடைய உடம்பைப் பற்றியதோ, அவர் காதுக்கு விஷயம் போயாக வேண்டும். கடைசியாக ஒன்று: மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை, சளியில் ரத்தம், காரணமில்லாமல் மெலிவு என்றால், "நான் புகை பிடிக்கிறதில்லையே" என்று அலட்சியம் செய்யாதீர்கள். காசநோய் மாத்திரை எடுத்தும் இருமல் குறையவில்லை என்றால் மறுபடி போய், "வேறு ஏதாவது இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.