கருங்கல் இல்லாத ஊரில்

ஜிம்பாப்வேயின் ஷோனா சிற்பிகள் கல்லுக்குள் உறையும் ஆவியைக் கண்டு செதுக்குகிறார்களாம். யாழ்ப்பாணத்தவரோ தமிழ்நாட்டிலிருந்து விக்கிரகத்தை இறக்குகிறார்கள், ஆகவே இங்கே சிற்பமும் இல்லை, அதற்கு உயிரும் இல்லை என்றொரு வாதம். கேட்க எடுப்பாகத்தான் இருக்கிறது. இரண்டு பாதியும் பிழை.

அந்த ஆவிக் கதையை உலகுக்கு உரக்கச் சொன்னவர், 1957இல் சாலிஸ்பரியில் (இன்றைய ஹராரேயில்) திறக்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்தின் முதல் இயக்குநர் ஃபிராங்க் மெக்யூவன். 1966இல் தொடங்கிய டெங்கனெங்கே சிற்பிகள் குடியிருப்பில் ஷோனா அல்லாத மலாவி, அங்கோலாக்காரரும் உளி பிடித்தார்கள். ஷோனா சிற்பி நிக்கலஸ் முகொம்பெரன்வா பயின்றது செரிமா கத்தோலிக்க மிஷனில். அந்தச் சிற்பிகளுடைய நம்பிக்கை பொய்யல்ல. ஆனால் கண்காட்சிக் குறிப்பை வேதமாக்க வேண்டாமே!

இனிக் குடாநாடு. இங்கே நிலத்தடியில் சுண்ணாம்புக்கல்தான். கருங்கல் கடல் கடந்து வந்தது உண்மை. ஆனால் நம் ஆசாரிமார் மரத்தை எடுத்தார்கள். வேட்டைத் திருவிழாவுக்கு வரும் குதிரை வாகனத்தைக் கிட்ட நின்று பாருங்கள்: விடைத்த மூக்கு, பிதுங்கிய கண், அந்தரத்தில் தூக்கிய முன்னங்கால்கள்.

உயிரா? அதற்குச் சிற்பமே வேண்டியதில்லை. நல்லூர் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். ஆகமப்படி இல்லையென்று ஆறுமுக நாவலரே அக்கோயிலைச் சாடினார், சனம் விடவில்லை. செல்வச்சந்நிதியிலும் வேல்தான், பூசகர் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்கிறார். மரத்தடி வைரவருக்கோ ஒரு சூலம் போதும்.

கல் விக்கிரகத்திலும் சாமி அடைபட்டுக் கிடப்பதில்லை. திருப்பணி தொடங்கினால் பாலஸ்தாபனம் செய்து சாமியை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் திரும்ப ஏற்றுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் கருவறைக்குள் கொத்தனாரும் ஆசாரியும் தாராளமாகப் போய்வருவார்கள்.