பிள்ளைகள் கையில் என்ன சீட்டு?

தமிழில் "சீட்டு" என்ற சொல்லுக்குப் பொருள் பல. பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுப்பது சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் கட்டுவது சீட்டு. மரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்து ஆடுவதும் சீட்டு. ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாகக் கெடுத்ததே லாட்டரி, அதுவும் சீட்டுதான்.

இப்பொழுது பிள்ளைகள் கைக்கு ஒரு புதுச் சீட்டு வந்திருக்கிறது. அது இந்த நாலில் எது? பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அமெரிக்காவில் "மேஜிக் தி கேதரிங்" என்று ஒரு சீட்டு விளையாட்டு உண்டு. ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற கணித அறிஞர் உண்டாக்கியது. 1993-ல் விற்பனைக்கு வந்தது.

நம் சீட்டுக்கட்டில் 52 சீட்டு. யார் வாங்கினாலும் அதே 52. இது அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகள் அச்சாகியிருக்கின்றன. அவற்றிலிருந்து குறைந்தது 60 சீட்டைப் பொறுக்கி, அவரவரும் தமக்கென்று ஒரு கட்டுச் சேர்த்துக்கொண்டு ஆட வேண்டும். ஆளுக்கு 20 உயிர். எதிராளியின் உயிரை முதலில் சைபர் ஆக்குகிறவர் ஜெயித்தார்.

2025 நவம்பரில் இந்த விளையாட்டில் ஒரு புதுத் தொகுதி வெளிவந்தது. "அவதார்" கார்ட்டூன் கதை அப்படியே சீட்டாகிவிட்டது!

நீல நிற மனிதர்கள் வருகிறார்களே, அந்த சினிமா இல்லை. இது 2005 முதல் 2008 வரை அமெரிக்க டெலிவிஷனில் வந்த தொடர். மொத்தம் 61 பகுதிகள். நம் நாட்டுப் பிள்ளைகளும் பார்த்து ரசித்த கதை.

கொல்ல மறுத்த சிறுவன்

அந்தக் கதையில் நாலு நாட்டு மக்கள். நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை ஆட்டி வைக்கும் வித்தை தெரிந்தவர்கள். நம் பஞ்சபூதத்தில் ஆகாயம் மட்டும் பாக்கி. நாலு வித்தையும் கைவரப்பெற்றவர் தலைமுறைக்கு ஒருவர் பிறப்பார். அவர்தான் அவதார்.

ஆங் என்ற 12 வயதுச் சிறுவன்தான் இந்தத் தலைமுறை அவதார். நூறு ஆண்டு பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்து வெளியே வருகிறான். நெருப்பு நாட்டு மன்னன் மற்ற நாடுகளை அழித்துக்கொண்டிருக்கிறான். "அவனைக் கொன்றுவிடு" என்று எல்லோரும் ஆங்கிடம் சொல்கிறார்கள். சிறுவன் மறுக்கிறான். கடைசியில் மன்னனின் நெருப்புச் சக்தியை மட்டும் பறித்துவிட்டு உயிரை விட்டுவிடுகிறான்.

திண்டுக்கல் பக்கத்து காந்திகிராமத்தில் இருந்துகொண்டு அமெரிக்கச் சீட்டைப் பற்றி எழுதுவானேன் என்று யாராவது கேட்டால், இந்தச் சிறுவன்தான் முதல் காரணம். கொல்லாமலே ஜெயிக்கலாம் என்று ஒரு கார்ட்டூன் சொன்னால், மகாத்மாவின் பெயர் கொண்ட ஊரில் அதைக் கவனிக்காமல் இருக்க முடியுமா?

சீட்டு செய்தவர்களும் கதையை மறந்துவிடவில்லை. எதிராளியின் உயிரைக் குறைக்கும் விளையாட்டுதான். ஆனாலும் காற்று வித்தைக்கு ஒரு தனி விதி வைத்திருக்கிறார்கள். அந்த வித்தையால் எதிரியின் ஆள் சாவதில்லை. ஆட்டத்தை விட்டு ஒதுக்கி வைக்கப்படுகிறான். சொந்தக்காரர் இரண்டு பங்கு சக்தியைச் செலவழித்து அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். நீர் வித்தைக்கு வேறு விதி. அதற்கு ஆகும் செலவை நம் பக்கத்து ஆட்களும் கருவிகளும் ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளலாம். நாற்று நடவுக்குத் தெருவே கூடுவது போல!

நல்ல வேலைப்பாடு. பாராட்ட வேண்டியதுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு சீட்டிலும் நாலைந்து வரி அச்சிட்டிருக்கும். அதைப் படித்தால்தான் ஆட முடியும். கூட்டல் கழித்தலும் வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை இந்த ஆசையிலேயே வேகமாகப் படிக்கக் கற்றுக்கொள்ளும். என்ன செய்வது, தமிழில் இது அச்சாகவில்லை.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? விற்கிற விதத்தில் இடிக்கிறது.

மூடிய உறை

இந்தச் சீட்டுகளைப் பெரும்பாலும் மூடிய உறையில் விற்கிறார்கள். ஓர் உறையில் ஆடுவதற்கு 14 சீட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பது கிழித்த பிறகுதான் தெரியும். பெரும்பாலானவை சாதாரணச் சீட்டுகள். அரிய சீட்டு ஒன்று இருக்கும், சில வேளை கூடுதலாக இருக்கும். அரிதிலும் அரிதான சீட்டுகளும் உண்டு. பல உறை கிழித்தால் ஒன்று வரலாம், வராமலும் போகலாம். ஓர் உறையின் விலை நம் நாட்டில் சில நூறு ரூபாய். கூலி வேலை செய்கிற வீட்டில் அது ஒரு நாள் வருமானம்.

2023-ல் இதே கம்பெனி ஆங்கிலக் கதை ஒன்றைச் சீட்டாக்கியது. "லார்டு ஆஃப் தி ரிங்ஸ்" என்று பெயர். அதில் ஒரு மோதிரச் சீட்டை உலகத்துக்கே ஒன்றுதான் அச்சிட்டு ஏதோ ஓர் உறைக்குள் போட்டுவிட்டார்கள். கனடாவில் ஒருவருக்கு அது கிடைத்தது. போஸ்ட் மலோன் என்ற அமெரிக்கப் பாடகர் அதைச் சுமார் 20 லட்சம் டாலருக்கு வாங்கினார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 16 கோடி ரூபாய்! ஒரு காகித அட்டைக்கு.

அந்தச் செய்தியைக் கேட்டு உலகம் முழுக்க எத்தனை பேர் உறைகளை வாங்கிக் கிழித்திருப்பார்கள்? அவர்களைப் பற்றிச் செய்தி வராது. லாட்டரியிலும் விழுந்தவர் படம்தான் பேப்பரில் வரும்.

2025-ல் இந்த விளையாட்டில் வந்த 6 பெரிய தொகுதிகளில் 3 தொகுதிகள் இரவல் கதைகள். ஒன்று கம்ப்யூட்டர் விளையாட்டுக் கதை, ஒன்று ஸ்பைடர்மேன், ஒன்று அவதார். ஏன் இரவல் வாங்குகிறார்கள்? யோசித்துப் பாருங்கள். முன்பு உறையைக் கிழித்த பிள்ளை பலமான சீட்டு ஒன்று கிடைக்காதா என்று தேடியது. கிடைக்காவிட்டால் வேறொரு பலமான சீட்டை வைத்துச் சமாளிக்கலாம். இப்போது அது தேடுவது தன் தோழனை. ஆங் வேண்டும். கண் தெரியாமலே பூமியின் அதிர்வைக் காலால் உணரும் சிறுமி டோஃப் வேண்டும். தோழனுக்குப் பதில் வேறொருவர் ஆகுமா? ஆகாது. ஆகவே அடுத்த உறை, அதற்கடுத்த உறை. பிள்ளையின் பாசத்துக்கே விலை வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் புகார்.

பெட்டிக்கடை அட்டை

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? பெட்டிக்கடையில் அந்த அதிர்ஷ்ட அட்டை தொங்குமே, மறந்துவிட்டதா? சின்னச் சின்ன மடிப்புத் தாள்கள் ஒட்டியிருக்கும். காசு கொடுத்து ஒன்றைப் பிய்க்க வேண்டும். உள்ளே உள்ள எண்ணுக்குப் பரிசு. பெரும்பாலும் ஒன்றும் இராது. எல்லோரும் ஆசைப்படும் அந்தப் பெரிய பலூன் மட்டும் கடைசி வரை தொங்கிக்கொண்டே இருக்கும்!

பிறகு சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போக்கிமான் வட்டுகள் வந்தன. சிப்ஸ் யாருக்கு வேண்டும்? வட்டுக்காகத்தான் பாக்கெட். இப்போது கடைகளில் போக்கிமான் படம் போட்ட தங்க நிறச் சீட்டுகள் விற்கின்றன. அவற்றில் போலிகள் ஏராளம்.

இதற்கு நடுவே ஒரு நேர்மையான சீட்டும் இருந்தது. 1990-களில் பிள்ளைகளாக இருந்தவர்களைக் கேளுங்கள். மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு. உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, மார்பளவு எவ்வளவு என்று ஒப்பிட்டு ஆடுவது. ஒரு பெட்டி வாங்கினால் எல்லா வீரர்களும் உள்ளே இருப்பார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பெட்டி.

பெரியவர்கள் விஷயத்தில் நாம் விழித்துக்கொண்டோம். 1968-ல் தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. பின்னால் வெளிமாநிலச் சீட்டும் சுரண்டல் லாட்டரியும் தெருவெல்லாம் பெருகின. 2003-ல் லாட்டரி விற்பனைக்கே தடை வந்தது. பெரியவர் கையிலிருந்து பிடுங்கியதைக் கார்ட்டூன் படம் ஒட்டிச் சிறுவன் கையில் கொடுக்கலாமா?

"இது திறமை விளையாட்டு ஆயிற்றே" என்பார்கள். ஆடுவது திறமைதான். வாங்குவது? அது முழுக்க அதிர்ஷ்டம்.

வெளிநாடுகளிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. பிள்ளைகளிடம் சீட்டைத் துண்டு துண்டாக விற்று, முழுவதும் சேர்த்தால் பரிசு என்று ஆசை காட்டும் முறையை ஜப்பானில் முன்பே தடுத்திருந்தார்கள். கைப்பேசி விளையாட்டுகளில் அதே தந்திரம் தலைகாட்டியபோது, 2012-ல் அந்தப் பழைய விதி அதற்கும் பொருந்தும் என்று அறிவித்தார்கள். பெல்ஜியத்தில் 2018-ல், கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் மூடிய பெட்டிகள் சூதாட்டமே என்று சூதாட்டக் கண்காணிப்புக் குழு சொன்னது. காகித உறையை மட்டும் ஏனோ பலரும் கண்டுகொள்வதில்லை.

பத்து அவதாரம், 120 சீட்டு

கதையைச் சீட்டில் ஏற்றும் வேலையை அமெரிக்கர்களுக்கு முன்பே நம் நாட்டார் செய்துவிட்டார்கள். கஞ்சிபா என்ற சீட்டாட்டம் மொகலாயர் காலத்தில் இங்கே வந்தது. 1527-ல் பாபர் சிந்து நாட்டு மன்னருக்கு அந்தச் சீட்டுகளை அனுப்பி வைத்ததாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம்மவர்கள் அதில் தசாவதாரத்தைப் புகுத்தினார்கள். மச்சம், கூர்மம் என்று பத்து அவதாரத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு சீட்டு. ராஜா ஒன்று, மந்திரி ஒன்று, எண் சீட்டு பத்து. ஆக 120. எல்லாம் வட்டச் சீட்டுகள். ஒரிசாவிலும் வங்காளத்து விஷ்ணுபூரிலும் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, கையால் வர்ணம் தீட்டிச் செய்தார்கள். அதை வைத்தும் சூதாடியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ராமரை ஓர் உறையிலும் கிருஷ்ணரை இன்னோர் உறையிலும் ஒளித்து விற்கவில்லை.

பசையும் வர்ணமும் என்றவுடன் மறுபடியும் காந்திகிராமம் நினைவுக்கு வருகிறது. டாக்டர் சவுந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சிறுமலை அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இந்த ஊரை உருவாக்கினார்கள். 1937-ல் காந்தியடிகள் வார்தாவில் சொன்ன ஆதாரக் கல்விதான் இங்கே வழிகாட்டி. பிள்ளை கையால் ஒரு பொருளைச் செய்ய வேண்டும், செய்யும்போதே கணக்கும் எழுத்தும் கற்க வேண்டும் என்பது அந்தக் கல்வி. ராட்டையில் நூல் நூற்ற கை சீட்டும் செய்யும்.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன அல்லவா? ஒரே அளவில் 60 துண்டு வெட்டுங்கள். படம் பிள்ளைகள் போடட்டும். விதியும் அவர்களே எழுதட்டும். திண்டுக்கல் பூட்டு ஒரு சீட்டு. அதைப் போட்டால் எதிராளியின் சீட்டு இரண்டு ஆட்டத்துக்குப் பூட்டிக்கொள்ளும்! சிறுமலை வாழைப்பழம் ஒரு சீட்டு. தின்றால் மூன்று உயிர் கூடும். ஆங்கிலேயருக்குத் தப்பி இந்தப் பக்கம் வந்து எட்டு ஆண்டு காத்திருந்த வேலு நாச்சியாருக்கும், அவருக்குத் துணை நின்ற விருப்பாச்சி கோபால நாயக்கருக்கும் சீட்டு வேண்டாமா? ஆங்கையும் வரைந்து சேர்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள் ஆட யார் தடுப்பார்கள்?

அப்படியும் கடைச் சீட்டுதான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், உறையை வாங்காதீர்கள். இந்த வியாபாரத்தில் பிரித்த சீட்டை ஒற்றை ஒற்றையாகவும் விற்கிறார்கள். 60 சீட்டுக் கட்டாகத் தயாராகவும் சில உண்டு. என்ன சீட்டு என்று கண்ணால் பார்த்து, விலை கேட்டு, பிள்ளைக்குப் பிடித்த ஆங் சீட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம். ஒற்றையாக வாங்கும்போது விலை கூடுதலாகத் தோன்றும். பத்து உறை கிழித்தால் எவ்வளவு ஆகும் என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கல்யாணப் பத்திரிகையை மட்டும் பெரியவர்களே வெட்டிக் கொடுப்பது நல்லது. இப்போதெல்லாம் அட்டை ரொம்பத் தடிமன், பிள்ளைகளின் சின்னக் கத்தரிக்கோலுக்கு மசியாது.